கூப்பிடாத சோறு

மித் சாப்பிடவில்லை. பினாங்கில் அந்த ஏழாவது மாடி வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே பேச்சுதான். பேச்சு என்று சொல்வதும் தப்பு. பேசிக்கொள்ளாத இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு தட்டு, தட்டில் சோறு, பக்கத்தில் மோவாயைத் தரையில் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிற செம்மண் நிற நாய். அவ்வளவுதான்.

மித் என்றால் வியட்நாமியரின் பாஷையில் பலா. குட்டியாக இருந்தபோது முதுகு மயிர் பலாப்பழத் தோல் மாதிரி முள்ளு முள்ளாக நிற்குமாம். தோவா வைத்த பெயர். தோவா கியெனுக்கு அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள், அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கியென் லாய்க்குப் புருஷன். பினாங்குத் தொழிற்சாலையில் கியெனுக்கு வேலை கிடைத்தபோது, படுக்கையில் கிடந்த அப்பா போய்ச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அக்காவைத் தனியாக விட்டுவிட்டு வர அவனுக்கு மனசில்லை. நாயை விட்டுவிட்டு வர அக்காவுக்கு மனசில்லை. இவர்கள் இருவரையும் எங்கேயாவது விட்டுவிட்டு வரலாமா என்று லாயை யாரும் கேட்கவில்லை.

வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் கம்பெனி கியெனை ஜொகூருக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டது. அவன் போகும்போது, "ரெண்டு பேரும் ஒத்துமையா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பூனையையும் எலியையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, சண்டை போடாதீர்கள் என்று சாக்கைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி.

சண்டை எப்படித் தொடங்கியது என்று கேட்டால் அதுவும் சோற்றிலிருந்துதான்.

லாய் வியட்நாமின் தெற்கே பென் த்ரேக்காரி. தென்னந்தோப்பு, ஆற்று மீன், எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை சர்க்கரை. பசித்தவர் உட்காருவார், தின்பார், எழுந்திருப்பார், இன்னொருவர் வருவார். புருஷன் வீடு வடக்கே, நாம் தின் என்கிற ஊர். அங்கே பாயை விரித்து, நடுவில் பெரிய வட்டத் தட்டை வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் சின்னவர்கள் பெரியவர்களை வரிசையாக, முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். "அப்பா, அமுது செய்யுங்க. அக்கா, அமுது செய்யுங்க." சாப்பிடுவதற்கு அங்கே பெரியவர்களுக்கென்று தனியாக ஒரு சொல் உண்டு, நம் வாயில் அது அமுது என்றுதான் வரும். பெரியவர் "ம், சாப்பிடு" என்று பதில் சொன்ன பிறகுதான் சோறெடுக்கும் குச்சியில் கை வைக்கலாம்.

புது மருமகளாகப் போன முதல் நாள் லாய்க்குப் பசி. உட்கார்ந்ததும் குச்சியை எடுத்துவிட்டாள். வயசான சித்தப்பாக்கள், அத்தைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தோவா மெதுவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தெக்கத்திப் பொண்ணுன்னு சொன்னாங்க. ஊமைன்னு யாரும் சொல்லலியே" என்றாள். பாய் முழுக்கச் சிரிப்பு. சிரிப்போடு விட்டாளா? லாய் என்றால் மல்லிகை. வடக்கத்தி உச்சரிப்பில் அதே பூ ஞாய். அன்றிலிருந்து தோவா அவளை ஞாய் என்றுதான் கூப்பிட்டாள். பெற்றவர்கள் வைத்த பெயரையே எழுத்துப்பிழை மாதிரித் திருத்திவிட்டாள்.

லாய் அழவில்லை. மறுநாளிலிருந்து தெளிவாக, வாய் நிறைய, "அப்பா, அமுது செய்யுங்க" என்று சொன்னாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அக்காவின் முறை வரும்போது மீன்சாற்றுக் கிண்ணத்தைச் சரியாக நகர்த்தி வைப்பாள். நாலு வருஷம், ஒருவேளை தவறாமல், அந்த ஒரு கூப்பிடலை விழுங்கினாள். திட்டியிருந்தால்கூடத் தோவா தாங்கியிருப்பாள். படையெடுத்து வந்த சீனாக்காரனைச் சமாளித்தாலும் புருஷன்கூடப் பிறந்தவளைச் சமாளிக்க முடியாது என்று அந்த ஊரில் ஒரு பழமொழி உண்டு. பழமொழி சொன்னவன் தம்பி பெண்டாட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டான்.

பினாங்குக்கு வந்ததும் லாய் முதல் காரியமாக வாங்கியது சாப்பாட்டு மேசை. பாயும் கிடையாது, வட்டத் தட்டும் கிடையாது. அடுப்பில் சோறு இருக்கும், வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் இப்போது தோவாதான் மூத்தவள். மூத்தவள் தானே போய் உட்காரக் கூடாது, கூப்பிட வேண்டும். கூப்பிட ஆளில்லை. அதனால் அவள் மேசையில் உட்காரவே இல்லை. லாய் தன் அறைக்குள் போன பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டே, சட்டியிலிருந்து நேராக நாலு வாய் தின்றுவிட்டுப் போனாள். அதைத் தன் மானத்துக்கு விழுந்த அடி என்று நினைத்தாளே ஒழிய, அந்த வீட்டில் இன்னொரு ஜீவனும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நாய்க்கு என்னதான் செய்து பார்க்கவில்லை அவள்? வெளிநாட்டிலிருந்து வரும் பிராணிகளை அடைத்து வைக்கும் இடத்திலிருந்து வெளியே வரும்போதே அது விலா எலும்பு தெரியத்தான் வந்தது. அங்கே ஏதோ கொறித்தது என்றார்கள். வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். ஊரிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்த அரிசியை வடித்துப் போட்டாள். பன்றி எலும்பைச் சாறு காய்ச்சி ஊற்றினாள். தண்ணீர் சரியில்லை என்று கடைத்தண்ணீர் வாங்கினாள். தரை ஓடு வழுக்குகிறது, அதனால் பயம் என்று தன் பழைய சட்டையை விரித்தாள். தட்டைக் கிழக்கே வைத்தாள், மேற்கே வைத்தாள். கியெனைப் போனில் கூப்பிட்டு, போனை நாயின் காதில் வைத்துப் பேசச் சொன்னாள். "சாப்பிடுடா மித், சாப்பிடுடா" என்று அவன் ஜொகூரிலிருந்து கெஞ்சினான். நாய் போனின் பின்பக்கம் போய் ஆளைத் தேடிவிட்டு வந்து படுத்துக்கொண்டது. கடைசியில் ஊசி போடாத ஊசிக்குழாயில் சாற்றை உறிஞ்சி, கன்னத்து ஓரமாகச் செலுத்தி, அதில்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

இடையிடையே லாய்க்கும் கிடைத்தது. "உன் இனிப்புக் கொழம்பு வாடைல அதுக்குக் குமட்டுது. நாய்க்கே தெரியுது, எது சாப்பாடுன்னு."

லாய் சும்மா இருப்பாளா? "உங்க ஊர்ல நாயைத் தட்டுல வைப்பாங்க. இங்க நாய்க்குத் தட்டு வைக்கறோம். பயந்திருக்கும்."

சந்தைக் கூண்டிலிருந்து, வெட்டுக்குப் போக இருந்த குட்டியைக் காசு கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தவள் தோவா. அதைத் தெரிந்துகொண்டே சொன்னது இது. தோவா திரும்பி அடுப்புக்குப் போனாள். சட்டிமூடியை வைத்த சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மாவுக்கு வியட்நாம் பாஷை தெரியாது, தோவாவுக்கு அதைத் தவிர வேறு தெரியாது, நடுவில் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசும் லாய். டாக்டரம்மா ரத்தம் பார்த்தாள், பல் பார்த்தாள், வயிற்றை அழுத்தினாள். உடம்பில் ஒன்றும் இல்லை, இடம் மாறிய ஏக்கம், ஊரில் எந்த நேரத்தில் எப்படி வைத்தீர்களோ அதே மாதிரி வையுங்கள், அது படுக்கும் கம்பளியைத் துவைக்காதீர்கள், சாப்பிட ஆரம்பித்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், காய்ந்த வயிறு தாங்காது என்று நீளமாகச் சொன்னாள். லாய் அதை மூன்று வாக்கியத்தில் முடித்தாள்.

"அந்தம்மா அவ்வளவு நேரம் பேசினா. நீ இத்துனூண்டு சொல்ற. மீதிய என்ன பண்ண?"

"ஊர்ல வச்ச மாதிரியே வைக்கணுமாம்."

"ஊர்ல வச்ச மாதிரிதானே வைக்கறேன்" என்றாள் தோவா. மித்தின் விலா மேல் கையை வைத்துக்கொண்டாள். லாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பௌர்ணமி வந்தது. பௌர்ணமிக்கு முன்னோருக்குப் படைக்க வேண்டும். தோவா அலமாரி மேல் அப்பாவின் படத்தை வைத்து, ஒரு முழுக்கோழியை வேகவைத்து, சோறும் சாராயமும் வைத்து, ஊதுபத்தி ஏற்றினாள். கண்ணை மூடி, கைகூப்பி, தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். "அப்பா, வீட்டுக்கு வாங்க. வந்து அமுது செய்யுங்க."

லாய் கதவோரம் நின்றிருந்தாள். கட்டிலுக்கடியில் ஏதோ உரசியது. மித் வெளியே வந்தது. காலையில் தூக்கி நிறுத்தினால்கூட நிற்காத நாய், நாலு காலும் நடுங்க நடந்து வந்து, தோவாவின் பக்கத்தில், ஊரில் அதன் தட்டு இருக்கிற இடத்தில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது. வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. மூக்குக் கோழிப் பக்கம் போகவில்லை. தோவாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தோவா கண்ணைத் திறந்தாள். கோழி வாசனைக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். ஊதுபத்தி பாதிகூட எரியவில்லை. அப்பா சாப்பிட்டு முடிப்பதற்கு முன்னால் படையலில் யாரும் கை வைக்கக் கூடாது. அவள் வைத்தாள். அப்பாவின் கோழித் தொடையை முறித்து, சதையைப் பிய்த்து நாயின் வாயருகே நீட்டினாள். நாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தது. பிறகு திரும்ப நடந்து போய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது. தோவா கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

லாய்க்கு விளங்கிவிட்டது. நாய் வந்தது கோழிக்கு இல்லை, கூப்பிடலுக்கு.

மறுநாள் தோவா மருந்துக்கடைக்கு இறங்கியதும் சோதித்துப் பார்த்தாள். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "அப்பா, அமுது செய்யுங்க" என்றாள். நாய் வந்து உட்கார்ந்தது. எச்சில் விட்டது. சாப்பிடவில்லை. தோவா எப்போதும் நிற்கிற அடுப்படிப் பக்கம் பார்த்தது. இன்னும் எதையோ எதிர்பார்க்கிறது. எதை என்று லாய்க்குத் தெரியாதா? அப்பாவுக்குப் பின்னால் வருவது, நாலு வருஷமாக அவள் வாயில் மட்டும் வராதது. வீட்டில் ஆளில்லை என்கிற தைரியத்தில், சுவரைப் பார்த்து, "அக்கா, அமுது செய்யுங்க" என்றாள். வேப்பெண்ணெய் குடித்த மாதிரி நாக்கு சுருண்டது. நாயின் காது இன்னும் நிமிர்ந்தது. அப்போதும் தொடவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்ற பிறகு, "ம், சாப்பிடு" என்று பதில் சொன்னது தோவாதான். அந்த வீட்டில் குச்சியை எடுப்பதற்கு முன்னால் விழுகிற கடைசிச் சத்தம் அதுதான். ஊரில் மித் தன் தட்டில் வாய் வைத்ததும் அதற்குப் பிறகுதான். லாய் மூக்கால் குரலைக் கனமாக்கி, தோவா மாதிரியே, "ம், சாப்பிடு" என்று சொல்லிப் பார்த்தாள். நாய் அவளை ஏற இறங்கப் பார்த்தது. போய்ப் படுத்துக்கொண்டது.

போலியை நாயும் ஏற்கவில்லை. அசல் வேண்டும். அசல் வேண்டுமென்றால் அந்தப் பொம்பளை முன்னால் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, கூப்பிட வேண்டும்.

லாய் வாயை மூடிக்கொண்டாள். பொல்லாதவள் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் அன்று மாலைதான் தோவா போனில் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஊர் ஒத்துவரவில்லை, ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு ஏற்பாடு செய், நானும் மித்தும் திரும்பிப் போகிறோம், அத்தை வீட்டில் ஒரு மூலை கிடைக்கும். கியென் அழுகிற மாதிரிப் பேசினான், ஒத்துக்கொண்டான். கதவுக்கு அந்தப் பக்கம் லாய் அதைக் கேட்டாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு நெஞ்சுவரை இறங்கியது. அவள் வீடு, அவள் மேசை, அவள் புருஷன், அவள் பெயரைச் சரியாகக் கூப்பிடுகிறவர்கள் மட்டும். அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். அதில் அவளுக்குப் பழக்கம் உண்டு.

பயணத்துக்கு முன்னால் டாக்டரம்மாவைக் கேட்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா நாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த நிலையில் விமானத்தின் அடிவயிற்றில் ஏற்றினால் உயிரோடு இறங்காது என்றாள். இந்தத் தடவை லாய் ஒரு வார்த்தை குறைக்காமல் அப்படியே திருப்பிச் சொன்னாள்.

தோவா அவளை உற்றுப் பார்த்தாள். "என்னைப் போக விடாம பண்றதுக்குப் பொய் சொல்றியா, இல்ல நாய் பொழைச்சுப் போகட்டும்னு சொல்றியான்னு தெரியல. நீ நல்லது நெனச்சு ஒண்ணு சொல்லி நான் கேட்டதில்ல."

"நம்பலன்னா போங்க."

"போகத்தான் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை தோவா கூண்டை இழுத்துக் கூடத்தில் வைத்தாள். உள்ளே கம்பளியை விரித்தாள். மித்தைத் தூக்கினால் ஈரத்துணி மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது. கூண்டுக்குள் வைத்ததும் அது வெளியே பார்த்துக்கொண்டு, முன்கால்களை ஒன்று சேர்த்து வைத்துப் படுத்தது. கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாமல் வரமாட்டேன் என்கிற மாதிரி. லாய்க்கு நாய் என்றால் பெரிய பிரியமெல்லாம் இல்லை. ஆனால் மரியாதைக்காகச் சாகிற ஒரு பிராணியை அவள் பார்த்ததில்லை. எரிச்சலாக வந்தது. யார் மேல் எரிச்சல் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. கீழே வண்டி வந்துவிடும்.

அடுப்படிக்குள் போனாள். பெரிய வட்டத் தட்டு மேல் அலமாரியில் இன்னும் பிரிக்காத காகிதத்தோடு இருந்தது. அதைப் பிரித்து, சோறு, மீன், கீரைச் சாறு எல்லாவற்றையும் எடுத்து வைத்து, மேசையைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் பாய் விரித்து, தட்டை நடுவில் வைத்தாள். நாயின் தட்டில் கொஞ்சம் சோறு போட்டுப் பக்கத்தில் வைத்தாள். சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"உட்காருங்க" என்றாள்.

"எனக்குப் பசிக்கல."

"பசிக்கச் சொல்லி யாரும் கேக்கல. உட்காருங்க."

தோவா என்ன நினைத்தாளோ, கூண்டின் கொக்கியைப் போடாமலே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். லாய் அவள் முகத்தைப் பார்த்தாள். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே ஓர் இடத்தைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும்.

"அக்கா, அமுது செய்யுங்க."

"என்ன, வழியனுப்பற நக்கலா?" என்று தோவா எழுந்திருக்கப் போனாள். போனவள் நின்றாள். கூண்டிலிருந்து நகம் தரையில் உரசுகிற சத்தம். மித் விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, பாய்க்கு வந்து, தட்டுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது. எச்சில் பாயில் சொட்டியது.

தோவா நாயைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். லாயைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வருவதை லாய் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

லாய் பொய் சொல்லவில்லை. "பௌர்ணமி அன்னிக்கு."

"அன்னிலேருந்து வாயை மூடிட்டு இருந்த."

"ஆமா."

"அது சாகறதப் பாத்துட்டு."

"நீங்க போறதப் பாத்துட்டு" என்றாள் லாய். "பதில் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அது தொடும்."

தோவா சம்மணத்தைச் சரியாக மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகு நேராயிற்று. முழங்கால் மேல் கையை வைத்தாள். "முறையா ஆரம்பி. அப்பாவக் கூப்பிட்டுட்டு அப்புறம் என்னக் கூப்பிடு."

நாய் தோவாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பின்தொடை நடுங்கியது. லாய் அலமாரி மேலிருந்த படத்தைப் பார்த்து, "அப்பா, அமுது செய்யுங்க" என்றாள். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல முடியாத வார்த்தை அது, வாயைத் திறந்துதான் ஆக வேண்டும், "அக்கா, அமுது செய்யுங்க" என்றாள்.

தோவா பதில் சொல்லவில்லை.

"சொல்லுங்களேன். அது விழுந்துடும்."

"நாலு வருஷம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல நீ. எங்கப்பா முன்னால, ஊர் முன்னால, வேளைக்கு வேளை. நான் நாலு மூச்சு எடுத்துக்கக் கூடாதா?"

எடுத்துக்கொண்டாள். உண்மையாகவே, ஒவ்வொன்றாக, மெதுவாக இழுத்து விட்டாள். கடைசி மூச்சுக்கு அவள் கண்ணே நாயின் பக்கம் ஓடிவிட்டது, இருந்தாலும் அதையும் முழுசாக விட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

"ம். சாப்பிடு."

மித் தட்டுக்குள் முகத்தைப் புதைத்தது. மென்றதா விழுங்கியதா என்று தெரியவில்லை. தட்டு ஓட்டுத் தரையில் தடதடவென்று நகர்ந்தது. பாதி போனதும் லாய் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நாய் அவளைப் பார்த்து உறுமியது. தோவா கையை ஓங்கிவிட்டாள்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும்" என்றாள் லாய், ஓங்கிய கையைப் பார்த்தபடி. "காஞ்ச வயிறு தாங்காது. டாக்டரம்மா சொன்னது."

"எப்ப சொன்னா? எங்கிட்ட நீ சொல்லலியே."

"அன்னிக்கு மீதின்னு கேட்டீங்களே. அதுதான் மீதி."

ஓங்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கிக் குச்சியை எடுத்தது. கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். இரண்டு தடவை அடித்தான். இருவரும் எழுந்திருக்கவில்லை. போன் மணி அடித்தது, லாய் எடுத்து, வரவில்லை என்று சொல்லி வைத்தாள். சொல்லும்போது அவள் குரல் ஏதோ வாங்காத பொருளுக்குப் பணம் கட்டுகிறவளின் குரலாக இருந்தது.

தோவா ஒரு வாய்ச் சோறு மென்று விழுங்கினாள். நாய் அவள் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டது.

"சாயங்காலம் இருட்டறதுக்கு முன்னால பாயைப் போட்டுடு" என்றாள். "அது ஊர்ல சாப்பிடற நேரம் அதுதான். வாயில போட்டு மெல்லாம, தெளிவாக் கூப்பிடு. அதுக்குக் காது கேக்கணும்."

"அதுக்குக் கேட்டாப் போதும்" என்றாள் லாய்.

"எனக்கும் கேக்கும்" என்று சொல்லிவிட்டு தோவா மீனின் நடுத்துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.